தவளைக்கு ஒரு வெள்ளிக் கால்

முரசுமோட்டையில் தவளைக்குப் பஞ்சமில்லை. மாரி தொடங்கினால் வயல், வாய்க்கால், கிணற்றுக்கட்டு, கழற்றி வைத்த செருப்பு என்று எங்கும் அவைதான். இரவில் அவை போடும் சத்தத்தில் என் குறட்டை கேட்பதில்லையாம். அந்த ஒரு உபகாரத்துக்காக என் மனைவி அவற்றைத் திட்டுவதில்லை. உழவு இயந்திரத்தின் கீழே எத்தனை தவளை போயிருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்தவன் அல்ல. பயிருக்கு மருந்தடித்த மறுநாள் வரம்போரத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடப்பவற்றைக் காலால் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட நான் ஒரு தவளையைச் சில்வர் வாளியில் வைத்து, மனைவியின் மடியில் அந்த வாளியைக் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சி மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்.

ஆனால் அது ஊர்த் தவளை அல்ல. வெள்ளை நிறம். தண்ணீரை விட்டு வெளியே வராத சாதி. மகன் வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே அலங்கார மீன் விற்கும் கடை ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறான். விடுமுறைக்கு வரும் பிள்ளை பழமோ பணிஸோ கொண்டுவருவான் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பொலித்தீன் பையில் தண்ணீர் கட்டி, அதற்குள் இதைப் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். வயல் முழுக்கத் தவளை இருக்கிற வீட்டுக்குத் தவளை வாங்கி வந்தவன் உலகத்திலேயே என் மகன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அதற்கு விறாந்தையில் கண்ணாடித் தொட்டி. அடியில் ஆற்று மணல், மூலையில் ஒரு கல், பக்கத்தில் பச்சை பிளாஸ்டிக் செடி. எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. மழைக்குக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். தவளையின் வீடு ஒழுகாது. அதற்கு நாக்கும் இல்லையாம். தீனியை இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளித்தான் சாப்பிடும், பந்தியில் அவசரப்படுகிற ஆளைப் போல. மற்ற நேரம் கைகாலை விரித்து, கண்ணை மேலே வைத்து, அப்படியே மிதக்கும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்காரும்போது எனக்குச் சில வேளை பொறாமையாக இருக்கும்.

படிப்பு முடித்த மகன் ருமேனியாவுக்குப் போனான். அங்கே பலகை அறுக்கும் தொழிற்சாலையில் வேலை. புறப்படும் அன்று தாயைக் கட்டிப்பிடித்து அழுதான். அடுத்ததாக என்னிடம் வந்தான். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆயத்தமாக நின்றேன். "அப்பா, தண்ணி மாத்த மறந்து போடாதேங்கோ" என்றான். பெற்று வளர்த்து ஆளாக்கிய தகப்பனுக்குப் பிள்ளை சொன்ன விடைபெறும் வார்த்தை அதுதான்.

அங்கே போன பிறகு நாள் தவறாமல் வீடியோவில் எடுப்பான். ஆரம்பத்தில் நல்ல பிள்ளையாகத்தான் கதைத்தான். வயலைப் பற்றிக் கேட்பான், என் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்பான், தான் சமைத்த குழம்பைச் சட்டியோடு தூக்கிக் காட்டுவான், தாய் அதில் உப்புக் குறைவு என்று பார்வையிலேயே சொல்லுவாள். இந்த மாரி தொடங்கியதிலிருந்துதான் எல்லாம் மாறியது. "ஷிப்ட் மாறீட்டுது" என்று நேரத்தோடே எடுக்கத் தொடங்கினான். எடுத்ததும் "சாப்பிட்டியளோ, சரி, அவரைக் காட்டுங்கோ" என்பான். அவர் என்றால் தவளை. அதன் பிறகு அழைப்பு முடியும்வரை நான் தொட்டிக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என் முழங்கால் நோவைக் கேட்க ஆளில்லை.

ஒருநாள் மனைவியிடம் கேட்டேன்.

"உந்தத் தவளை செத்தால் உவன் இஞ்சை எடுப்பானோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் பகிடியாகத்தான் கேட்டேன். ஆனால் வாயை விட்டுப் போன பிறகு அந்தக் கேள்வி என்னோடேயே தங்கிவிட்டது. பக்கத்து ஊரில் ஒருவரின் மகன் வெளிநாடு போய், முதலில் நாளுக்கு ஒருக்கால், பிறகு கிழமைக்கு ஒருக்கால், பிறகு தீபாவளிக்கு மட்டும் என்று குறைந்து, இப்போது அந்த மனிதர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், அது அடிப்பதில்லை. எங்களுடையது நாள்தோறும் அடித்தது. தவளைக்காக அடித்தால் என்ன, அடிக்கிறதே என்று இருந்தேன். அந்தத் தவளைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை கால் போனது.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் கழுவல் நாள். நிலம், படம், குத்துவிளக்கு எல்லாவற்றோடும் சேர்த்துத் தொட்டியும் கழுவப்படும். அதுவரைக்கும் மனைவி தவளையை ஒரு பேசினில் தண்ணீர் விட்டு வெளியே மாமரத்தின் கீழ் வைப்பாள். வழக்கமாக மேலே ஒரு சுளகு வைத்து மூடுவாள். அன்று சுளகில் அரிசி கிடந்தது. எங்கள் சேவல் கொழுத்த மண்புழுவைக் கண்டதாக நினைத்திருக்க வேண்டும். நான் கிணற்றடியிலிருந்து ஓடிவருவதற்குள் ஒரு பின்னங்காலைக் கொத்தி இழுத்து, மரத்தடியில் கோழிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. தவளை அந்தக் காலின் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேவலை அன்றே கறியாக்குவதாக மனைவி சத்தியம் செய்தாள். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைப்பதில்லை. மறுநாள் ஆனபோது கோபம் அரைவாசியாகிவிட்டது. சேவல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, விடியற்காலையில் கூவுகிறது, ஒரு குற்ற உணர்ச்சியும் அதற்கு இல்லை.

காயம் என்று கண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதை என் மனைவியும் செய்தாள். மஞ்சள் டப்பாவை எடுத்தாள். நான் பிடிக்க, அவள் பூசினாள். கால் முழுக்கப் பூசினாள், கிருமி ஏறாமல் இருக்க வயிற்றிலும் பூசினாள், பயந்திருக்குமே என்று தலையிலும் கொஞ்சம் வைத்தாள். வெள்ளைத் தவளை, மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையார் போல ஆகிவிட்டது. நான் அறுகம்புல் ஒன்றுதான் குறை என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அம்மாளாச்சி, இதுக்குக் காயம் மாறினால் உனக்கு ஒரு வெள்ளிக் கால் கொண்டந்து வைப்பன்" என்று நேர்ந்தாள்.

தவளைக்கு நேர்த்தி வைத்த முதல் மனுசி நீதான் என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் புதினமாக இருந்தது. வழக்கமாக என் பகிடிக்குச் சிரிக்காவிட்டாலும் ஒரு பேச்சாவது தருவாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவுக்காரர் வந்தார். அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுவார், வரம்பில் நடப்பார், கோபம் வந்தால் அதைக் கழற்றிக் கையில் எடுத்து மாட்டை விரட்டுவார். எப்படிப் போனது என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவர் பேசினைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"எனக்குக் கால் போன அண்டைக்கு இவ்வளவு சனம் சுத்தி நிக்கேல்லை அண்ணை" என்றார்.

சொல்லிவிட்டு முதலில் அவரே சிரித்ததால் எனக்கும் சிரிக்க முடிந்தது. பிறகு சிரிப்பை நிறுத்தி, "உந்தத் தவளையைத் தண்ணிக்குள்ள விடுங்கோ, காய்ஞ்சு போப்போகுது" என்றார்.

மறுநாளே மிருக வைத்தியரிடம் போனோம். அங்கே நீட்டு மர வாங்கில் ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாளிக்குள் என்ன என்று கேட்டார். தவளை என்றேன். எதற்கு என்றார். கால் காயம் என்றேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ஆட்டையும் இழுத்துக்கொண்டு வாங்கின் மற்ற முனைக்குத் தள்ளி உட்கார்ந்தார்.

வைத்தியர் இளம் பெண். வாளிக்குள் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"மஞ்சள் பூசினது ஆர்?" என்று கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி வாளியைப் பார்த்தாள்.

"ஐயா, தவளை தோலாலயும் மூச்சு விடும். தண்ணி குடிக்கிறதும் தோலாலதான். நீங்கள் மூக்கையும் வாயையும் சேர்த்து அடைச்சு வச்சிருக்கிறியள்."

அதன் பிறகு ஒரு உண்மையையும் சொன்னார். "நான் படிக்கேக்க தவளையை வெட்டித்தான் பாத்தனான். வைத்தியம் பாக்கிறது இதுதான் முதல் தரம்." தனக்குப் படிப்பித்த ஒருவருக்குப் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். பாதம் தப்பாது என்று முடிவாகி அதை எடுத்துவிட்டார். வெளியே வந்து எங்களுக்கு ஒழுங்குகள் சொன்னார். நாள்தோறும் தண்ணீர் மாற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஒருநாள் வைத்துத்தான் விட வேண்டும், சொற்ப உப்பு, மேலே இருட்டுத் துணி, சத்தம் கூடாது, கையால் தொடக் கூடாது.

"உயிர் தப்புமோ டொக்டர்?" என்று மனைவி கேட்டாள். கேட்ட குரல் ஒரு தவளைக்குக் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது.

"சாப்பிடத் தொடங்கினால் தப்பும் அம்மா."

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை. மகனுக்குச் சொல்வதா இல்லையா என்பதில் எங்களுக்குள் விவாதமே நடக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். அங்கே தனிய இருக்கிறான், கேட்டால் சாப்பிடமாட்டான், வேலைக்குப் போகமாட்டான், யோசிப்பான். என் தமையன் செத்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகுதான் அவனுக்குச் சொன்னோம். அதுவரை பெரியப்பா எங்கே என்று கேட்ட போதெல்லாம் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றோம். ஒரு மாதம் முழுக்கக் கோயிலில் இருந்த மனிதர் என்ற பெயர் அவருக்குச் செத்த பிறகுதான் கிடைத்தது. ஆகவே தவளையின் கால் விஷயமும் கோயிலுக்குப் போனது.

இந்த வயதில் நான் படப்பிடிப்புப் படித்தேன். துணியை விலக்கி, காயம்பட்ட பக்கம் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் மறையும்படி போனைப் பிடிப்பேன். முகத்தைக் கிட்டத்தில் காட்டினால் கால் படத்துக்குள் வராது என்று கண்டுபிடித்தேன். அது திரும்பினால் நான் அதைவிட வேகமாகத் திரும்புவேன். ஒரே இடத்தில் கிடக்கிறதே என்று அவன் கேட்டால் "இப்பதான் சாப்பிட்டது, களைப்பு" என்பேன். கடைசி ஆயுதம் ஒன்றும் இருந்தது. கால் வெளியே தெரியப்போகிறது என்று கண்டால் "தம்பி, சிக்னல் இல்லை, படம் நிக்குது" என்று சொல்லி விரலால் போனின் கமராக் கண்ணாடியை மறைப்பேன். அவனும் பாவம், "ஓம் அப்பா, இஞ்சையும் சிக்னல் சரியில்லை" என்பான். பிள்ளையை இவ்வளவு சுலபமாக ஏய்க்க முடிகிறதே என்று எனக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் பெருமை.

ஆனால் தவளை சாப்பிடவில்லை. கடையில் வாங்கிய தீனி அடியில் ஊறிக் கிடந்தது. வயலில் களை பிடுங்கும் நேரம். நான் களையை விட்டுவிட்டு வாழையடியில் மண்புழு கிண்டினேன். புழுவைக் கழுவி, சின்னதாக வெட்டி, ஈர்க்கில் குத்தி, அதன் வாய்க்கு முன்னால் ஆட்டிக்கொண்டு நின்றேன். மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனுக்குச் சோறு தீத்தியதில்லை. அது தாயின் வேலை என்று இருந்தேன். இப்போது தவளைக்கு "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினேன். அது கண்ணை மேலே வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் பார்த்தது.

பக்கத்து வளவுக்காரர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து விசாரித்தார். விசாரிப்பில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. காலைப் பார்க்கமாட்டார். "சாப்பிடுறாரோ?" என்று மட்டும் கேட்பார். ஒருநாள் நான் எரிச்சலில், "காலைப் பற்றிக் கேளுமன், உமக்குத்தானே தெரியும்" என்றேன்.

"அண்ணை, நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க வந்த சனம் எல்லாம் காலைத்தான் பாத்தது. இல்லாத காலை எவ்வளவு நேரம் பாக்கிறது? ஒரு கிழவன் வந்து, சாப்பிட்டியோ எண்டு கேட்டார். அண்டைக்குத்தான் நான் அழுதனான்."

சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல, என் மண்புழுவைப் பார்த்து, "உதுக்கு உப்புப் புளி போட்டால் சாப்பிடும்" என்றார்.

உப்புப் புளி இல்லாமலேயே ஒரு காலையில் சாப்பிட்டது. ஈர்க்கை ஆட்டியபோது திடீரென்று இரண்டு கையும் முன்னுக்கு வந்து புழுவைப் பிடித்து வாய்க்குள் தள்ளின. நான் வீட்டுக்குள் ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மாப்பிசைந்த கையோடு வந்து தொட்டியைப் பார்த்தாள். அடுத்த துண்டையும் அது தள்ளியது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.  நான் குனிந்து இன்னொரு துண்டை ஈர்க்கில் குத்தினேன், ஒரு தவளைக்காக இவ்வளவு சந்தோசம் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு சுகமாகிக்கொண்டு வந்தது. வெட்டிய இடம் மூடி, வெள்ளைத் தோல் வந்தது. நீந்தும்போது ஒரு பக்கம் இழுத்தது. நேரே போக நினைத்துக் கல்லில் முட்டும், பிறகு திரும்பிப் பார்த்து மற்றப் பக்கத்தால் போகும். கொஞ்ச நாளில் முட்டாமல் போகப் பழகிவிட்டது.

நேர்த்திக்கு நாள் பார்த்தாயிற்று. கோயிலுக்குப் போக முதல்நாள் மாலை மகன் எடுத்தான். வழக்கமாகப் போனைப் பிடிப்பவன் நான். அன்று என் கையில் வயல் சேறு, மனைவி பிடித்தாள். எனக்குப் படப்பிடிப்பு வேலை இல்லாததால் அவளுக்குப் பின்னால் சும்மா நின்றேன். சும்மா நின்றதால் திரையில் மகனைப் பார்த்தேன். நினைத்துப் பார்த்தால், அவனை நேரே பார்த்து நெடுநாள். அவன் தவளையைக் காட்டச் சொல்வான், நான் தொட்டியைப் பார்ப்பேன், அவனைப் பார்ப்பதில்லை.

கழுத்துக்கு மேலே மட்டும் தெரிந்தான். போனைக் கையில் பிடிக்கவில்லை. எதிலோ சாய்த்து வைத்திருந்தான். அது கொஞ்சம் சரிந்தது. வலது கையை நீட்டி, சிரமப்பட்டுக் குறுக்கால் பிடித்து நிமிர்த்தினான். போன் கிடந்தது அவனுடைய இடது பக்கத்தில். ஆனால் இடது கை வரவில்லை. போன் மறுபடி சரிந்தது. "அப்பா, சிக்னல் இல்லை, படம் நிக்குது" என்றான். படம் நிற்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு அவன் விரல் வந்து கண்ணாடியை மறைத்தது.

அது என்னுடைய வித்தை. மறைக்கப்போவதற்கு முன்னால் சிக்னல் போகும், விரல் வரும். நான் தவளைக்குச் செய்ததை அவன் எனக்குச் செய்துகொண்டிருந்தான்.

அன்றிரவு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் எழுத்தில் அனுப்புவான். இப்போது குரலில் அனுப்புகிறான். சமைத்த சட்டியைத் தூக்கிக் காட்டுவதில்லை. வேலை நேரத்தில் அறையில் இருக்கிறான், ஷிப்ட் மாறிவிட்டது என்கிறான். பலகை அறுக்கிற இடம். தவளையைக் காட்டுங்கோ, தவளையைக் காட்டுங்கோ என்று அவன் கேட்டது, நான் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நான் அதைத் தவளை மேல் உள்ள பாசம் என்று நினைத்து, ஒரு பிராணியோடு போட்டிபோட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். கோயில் முடியட்டும், ஆறுதலாகச் சொல்லலாம் என்று படுத்துக் கிடந்தேன்.

மறுநாள் கோயில் வாசலில் உருக்கள் விற்கும் பெண்ணிடம் வெள்ளித் தகட்டுக் கால் வாங்கினோம். தவளைக் கால் இருக்கிறதா என்று பகிடி விட எனக்கு அன்று மனம் வரவில்லை. மனிதக் கால்தான், ஐந்து விரலோடு. மனைவி அதைத் தட்டில் வைத்தாள். தேங்காய், வெற்றிலை, பூ. பிறகு கைப்பையைத் திறந்து, ஏற்கனவே கடதாசியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஒரு வெள்ளிக் கை. அதையும் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் அதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எப்ப தொடக்கம் தெரியும்?" என்று கேட்டேன்.

"மாரி தொடங்கேக்கையே. நான் கேட்டனான், சொன்னவன். இடக்கையில ரண்டு விரல் இல்லை. இப்ப காயம் மாறீட்டுதாம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"அவன்தான் சொல்ல வேண்டாம் எண்டவன். அப்பா தாங்கமாட்டார் எண்டவன்."

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் தூணோடு நின்றேன். தாங்கமாட்டாராம். மருந்தடித்த வயலில் செத்த தவளைகளைக் காலால் தள்ளிவிட்டு நடக்கிற ஆள், தமையன் செத்த செய்தியை முப்பது நாள் விழுங்கி வைத்திருந்த ஆள், இந்த வீட்டில் எல்லோரும் பயந்து பேசுகிற ஆள். அவரைத்தான் எல்லோரும் சேர்ந்து துணி போட்டு மூடி, சத்தமில்லாமல், தொடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவள் அன்று மஞ்சள் பூசும்போது ஏன் சிரிக்கவில்லை என்று விளங்கியது. கோபம் போய், அழுகை வந்தது. சனம் பார்க்கிறது என்று பார்க்காமல் அழுதேன். அவள் முந்தானையைத் தந்தாள்.

அன்று மாலை போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அப்பா, சாப்பிட்டியளோ? சரி, அவரைக் காட்டுங்கோ."

தொட்டிக்குப் போனேன். பிளாஸ்டிக் செடியை வெளியே எடுத்து வைத்தேன். போனைக் கண்ணாடியோடு சேர்த்து, கால் தெரியும் பக்கமாகவே பிடித்தேன். தவளையும் அன்று ஒத்துழைத்து, ஒன்றரைக் காலையும் விரித்து அப்படியே மிதந்தது.

"இந்தக் காலில பாதம் இல்லை தம்பி. சேவல் கொத்திப்போட்டுது. உனக்கு ஒளிச்சுப் போட்டம். இப்ப மாறீட்டுது. முதல் சரிஞ்சு சரிஞ்சுதான் நீந்தினது, இப்ப நேர போகுது. நல்லாச் சாப்பிடுது."

திரையில் படம் நின்றது போல அசையாமல் இருந்தான். சிக்னல் நன்றாக இருந்தது.

"இனி நீ காட்டு" என்றேன்.

"என்னத்தையப்பா?"

"கையை."

நெடுநேரம் கழுத்துக்கு மேலேதான் தெரிந்தான். பிறகு போனை எடுத்துத் தள்ளி வைத்தான். தோள் தெரிந்தது, சட்டை தெரிந்தது. இடது கையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்தான், பள்ளிக்கூடத்தில் வரவு சொல்கிற பிள்ளையைப் போல. நான் பார்த்தேன். கோயிலிலிருந்து வரும் வழியெல்லாம் அவனிடம் கேட்க ஒழுங்குபடுத்தி வைத்திருந்தவை நிறைய. எப்படி நடந்தது, ஏன் ஒளித்தாய், யார் பார்த்தார்கள், திரும்பி வா. 

"சாப்பிட்டியோ?" என்று கேட்டேன்.

அவன் அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டான். மனைவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அழுது முடித்ததும், பருப்பு வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது என்றான். ஒரு கையால் வெங்காயம் வெட்டுவதைப் பற்றித் தாய் ஏதோ சொன்னாள். என் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டான். இருட்டி, நுளம்பு கடிக்கத் தொடங்கி, போனில் சார்ஜ் தீரும்வரை கதைத்தோம். தவளையை அவன் அன்று மறுபடி கேட்கவே இல்லை.